துருவைத் தடுக்கத் தண்ணீரா?

இரும்பு நனைந்தால் துருப்பிடிக்கும். இது சிறு வயதிலேயே நம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற செய்தி. அரிவாள்மனையைக் கழுவினால் உடனே துடைத்து வை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படியிருக்க, ஓர் இரும்புப் பொருளைத் துருவிலிருந்து காப்பாற்ற வேண்டுமானால் அதை வாளித் தண்ணீரில் நிறுத்தி உள்ளே நன்றாகக் கழுவ வேண்டும் என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா? கழுவாமல் எண்ணெய் பூசி வைத்தால் அந்த எண்ணெய்க்கு அடியிலேயே அது அரித்துப் போகும் என்று அவர் மேலும் சொன்னால்?

அவர் சொல்வது உண்மைதான். அந்தப் பொருள், வாய் வழியே மருந்திட்டுச் சுடும் பழைய துப்பாக்கி. அதைத் துருவிலிருந்து காப்பது எப்படி என்று ஆராய்ந்தால், நம் வீட்டு ஆணி முதல் கடலோரப் பாலம் வரை எல்லா இரும்புக்கும் பொருந்துகிற ஓர் அறிவியல் உண்மை நமக்குக் கிடைக்கிறது.

வாய் வழியே மருந்து

இன்றைய துப்பாக்கிகளில் தோட்டாவைப் பின்புறத்தில் வைக்கிறார்கள். பழைய துப்பாக்கியில் எல்லாமே குழலின் முன்வாய் வழியாகத்தான் செல்ல வேண்டும். முதலில் கருமருந்து, அதன்மேல் ஈயக் குண்டு. இரண்டையும் நீண்ட கம்பியால் அடிவரை தள்ளி இறுக்குவார்கள். இந்தக் கம்பிக்குத் திணிகோல் என்று பெயர். குழலின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையின்மேல் நிப்பிள் எனப்படும் சிறு காம்பைத் திருகி, அதன் தலையில் 'கேப்'பை மாட்டுவார்கள். குதிரையைத் தட்டினால் கேப் வெடித்து, தீப்பொறி துளை வழியே மருந்துக்குப் போய்ச் சேரும்.

இத்தகைய படைக்கலங்களை நேரில் காண விரும்புவோர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1948-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கும், எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம். எழும்பூரில் உள்ள பழைய ஆயுதங்களில் பல, தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்தும் கோட்டையிலிருந்தும் வந்தவை.

சென்னையிலிருந்து மேற்கே பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி என்னும் ஊர் இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். 19-ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் ஆங்கிலப் படை முகாம் இருந்தது. சென்னைக்கும் பூந்தமல்லிக்கும் இடையே நடந்த சிப்பாய்கள் முன்வாய்த் துப்பாக்கிகளைத் தோளில் சுமந்துதான் இந்தச் சாலையில் சென்றிருப்பார்கள். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் குழலின் நீளம் 39 அங்குலம்; உள்விட்டம் 0.577 அங்குலம், அதாவது ஏறக்குறைய 14.7 மில்லிமீட்டர். குழலின் உட்சுவரில் மூன்று வரிப்பள்ளங்கள் திருகுபோல் சுழன்று செல்லும். குண்டு சுழன்றுகொண்டே வெளிவர இவை உதவும். ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்த வரிப்பள்ளங்களில் கரியும் உப்பும் படிந்தன. சிப்பாய் அதை அன்றே கழுவியாக வேண்டும். ஏன்?

புகை போனபின் எஞ்சுவது என்ன?

கருமருந்து மூன்று பொருள்களின் கலவை. நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கரியும் கந்தகமும் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுதான் கொடுக்கிறது.

இந்த மருந்து எரிந்தால் முழுவதும் வாயுவாகிப் போய்விடும் என்று நினைத்தால் அது தவறு. 1870-களில் ஆண்ட்ரூ நோபிள், பிரெடெரிக் ஏபல் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மூடிய எஃகுக் கலத்தில் கருமருந்தை எரித்து, விளைபொருள்களை நிறுத்துப் பார்த்தார்கள். வாயுவானது ஏறத்தாழ 43 விழுக்காடு மட்டுமே. மீதி 57 விழுக்காடு திடப்பொருள்! துப்பாக்கி சுடும்போது எழும் வெண்புகை இந்தத் திடப்பொருளின் நுண்துகள்களே.

என்ஃபீல்டுக்கு ஒரு முறை இடும் மருந்து ஏறத்தாழ 4.4 கிராம். அதில் சுமார் 2.5 கிராம் திடப்பொருளாகிறது. பெரும்பகுதி புகையுடன் வெளியேறினாலும் ஒரு பகுதி குழலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. பத்து முறை, இருபது முறை சுட்டபின் அந்தப் படிவு எவ்வளவு சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

படிவில் இருப்பவை என்ன? பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்ஃபைடு, கொஞ்சம் எரியாத கரி, கொஞ்சம் கந்தகம். கேப்பிலிருந்தும் ஒரு பொருள் வந்து சேருகிறது. பழைய படைத்துறைக் கேப்புகளில் பாதரச ஃபல்மினேட்டுடன் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தது. குளோரேட்டு தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. இது நம் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. அளவு மிகக் குறைவுதான். ஆனால் இரும்புக்கு இதுவே கொடிய பகை.

காற்றிலிருந்து நீரை இழுக்கும் உப்பு

ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் சமையலறை உப்பு ஜாடியில் உப்பு நசநசத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. காற்றில் உள்ள நீராவியை உப்பே இழுத்துக்கொண்டது. ஒவ்வோர் உப்புக்கும் இதில் ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் உப்பு உலர்ந்திருக்கும். மேலே போனால் கசிந்து கரைசலாகிவிடும்.

சமையல் உப்புக்கு இந்த எல்லை ஏறத்தாழ 75 விழுக்காடு. பொட்டாசியம் குளோரைடுக்கு 84 விழுக்காடு. துப்பாக்கிப் படிவில் நிறைய உள்ள பொட்டாசியம் கார்பனேட்டுக்கோ 43 விழுக்காடுதான்!

இந்த எண்ணை இன்னோர் எண்ணுடன் ஒப்பிடுங்கள். இங்கிலாந்தின் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் 1920-களிலும் 1930-களிலும் ஓர் ஆய்வுத் தொடர் நடத்தினார். தூய்மையான இரும்பு காற்றில் எப்போது துருப்பிடிக்கத் தொடங்குகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்வரை துரு மிக மெதுவாகவே வளர்கிறது. தாண்டியதும் சட்டென்று வேகமெடுக்கிறது என்று அவர் கண்டார். ஆக, சுத்தமான இரும்பு 60 விழுக்காடு வரை தாக்குப்பிடிக்கும். சுட்டபின் கழுவாத துப்பாக்கிக் குழலோ 43 விழுக்காட்டிலேயே தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே தேடிக்கொள்கிறது.

நம் ஊரின் காற்று எப்படி? சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலக் காலை வேளைகளில் ஈரப்பதம் 80 விழுக்காட்டையும் தாண்டும். வேலப்பன்சாவடி கடற்கரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. எனவே எண்ணூரிலும் மெரினாவிலும் உள்ளதுபோல் அலையிலிருந்து கிளம்பும் உப்புத்தூசி இங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. ஆனால் ஈரக்காற்று எட்டுகிறது. கடலின் உப்பு வராவிட்டால் என்ன? சுட்ட துப்பாக்கி தன் உப்பைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. மாலையில் சுட்டு, கழுவாமல் வைத்த குழலில் மறுநாளே செம்மஞ்சள் புள்ளிகளைக் காணலாம்.

துரு என்னும் மின்கலம்

துருப்பிடித்தல் வெறும் வேதிவினை மட்டுமன்று. அது ஒரு மின்வினையும் ஆகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூ. ஆர். எவன்ஸ் இதை ஒரே ஒரு சொட்டு உப்பு நீரைக் கொண்டு விளக்கினார். பளபளப்பான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீரை வையுங்கள். சொட்டின் விளிம்பில் நீர் மெல்லியது. காற்றின் ஆக்சிஜன் எளிதில் உள்ளே வரும். நடுவில் நீர் தடிமனானது. ஆக்சிஜன் அங்கே எட்டுவது கடினம். இந்த வேறுபாடே போதும். நடுப்பகுதி நேர்மின்வாய் ஆகிறது. அங்கே இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைகிறது. எலெக்ட்ரான்கள் இரும்பு வழியாகவே விளிம்புக்கு ஓடுகின்றன. விளிம்பு எதிர்மின்வாய் ஆகிறது. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இரண்டு அயனிகளும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது.

அதாவது டார்ச் விளக்கின் மின்கலத்தில் நடப்பதே இங்கும் நடக்கிறது. மின்கலத்துக்கு மின்பகுளி வேண்டும் அல்லவா? வெறும் மழைநீர் மின்னோட்டத்தை நன்கு கடத்துவதில்லை. உப்புக் கரைசல் நன்றாகக் கடத்துகிறது. எனவே உப்பு இரண்டு வழிகளில் கெடுதல் செய்கிறது: காற்றிலிருந்து நீரை அழைத்து வருகிறது, வந்த நீரை நல்ல மின்பகுளி ஆக்குகிறது. குளோரைடு இருந்தால் மூன்றாவது கெடுதலும் சேர்கிறது. இரும்பின்மீது இயற்கையாக உள்ள மெல்லிய காப்புப் படலத்தை அது ஆங்காங்கே உடைத்து, ஊசி முனை போன்ற குழிகளைத் தோண்டுகிறது.

கருமருந்தில் கந்தகம் இருப்பதால் கந்தக அமிலம் உண்டாகி இரும்பை அரிக்கிறது என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. படிவை நீரில் கரைத்து லிட்மஸ் தாளில் சோதித்தால் சிவப்புத் தாள்தான் நீலமாகும். பொட்டாசியம் கார்பனேட் காரத்தன்மை உடையது. தூய காரக் கரைசலில் இரும்பு எளிதில் துருப்பிடிக்காது என்பதும் உண்மையே. ஆனால் குழலில் இருப்பது தூய காரம் அன்று. சல்பேட்டும் சல்ஃபைடும் குளோரைடும் கரியும் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிந்த கலவை அது. போதாக்குறைக்குக் காற்றின் கரியமிலவாயு அந்தக் காரத்தன்மையையும் நாளடைவில் குறைத்துவிடுகிறது.

எண்ணெய் ஏன் போதாது?

இரும்பைக் காக்க எண்ணெய் பூசுவது நல்ல வழக்கம்தான். எண்ணெய்ப் படலம் நீரையும் காற்றையும் பெருமளவு தடுக்கும். ஆனால் உப்பு எண்ணெயில் கரையாது. படிவின்மேல் எண்ணெயைப் பூசினால் உப்பு அப்படியே இரும்பை ஒட்டியபடி அடியில் தங்கிவிடுகிறது. எண்ணெய்ப் படலம் முழுமையான சுவரும் அன்று. நாள் செல்லச் செல்ல அதன் வழியே நீராவி மெல்ல ஊடுருவும். உப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே எண்ணெய் மின்ன, கீழே மின்கலம் வேலை செய்யும்.

உப்பைக் கரைக்க நீரைவிடச் சிறந்த பொருள் இல்லை. 20 டிகிரி வெப்பநிலையில் 100 கிராம் நீரில் பொட்டாசியம் கார்பனேட் சுமார் 110 கிராம் கரையும். பொட்டாசியம் சல்பேட் அதே வெப்பநிலையில் 11 கிராம்தான் கரையும். கொதிநீரில் 24 கிராம் கரையும். வெந்நீர் ஏன் நல்லது என்பது இப்போது விளங்கும்.

படைவீரர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். புகையில்லா மருந்து வந்தபிறகும் துப்பாக்கிகள் துருப்பிடிப்பது நிற்கவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் தங்கள் துப்பாக்கிக் குழலில் கொதிநீரை ஊற்றுவதற்கென்றே தனிப் புனல் வைத்திருந்தார்கள். காரணத்தை 1922-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் தெளிவாக்கினார். குழலை அரித்தது மருந்தின் எச்சம் அன்று. கேப் விட்டுச்சென்ற பொட்டாசியம் குளோரைடே என்று அவர் காட்டினார்.

கழுவும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். இங்கே சொல்வது உரிமம் பெற்றவர்களும் அருங்காட்சியகப் பணியாளர்களும் செய்வது. கருமருந்து உலர்ந்திருந்தால் பல்லாண்டுகளுக்குப் பிறகும் வெடிக்கும். எனவே குழல் காலியாக இருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். திணிகோலை உள்ளே விட்டு, வாயருகே அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து ஒப்பிட்டால் கோல் அடிவரை சென்றதா என்பது தெரிந்துவிடும். அப்போது யாரும் குழல் வாய்க்கு நேரே நிற்கக் கூடாது. கோல் அடிவரை செல்லவில்லை என்றால் மேற்கொண்டு தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை.

காலிக் குழலை மரக்கட்டையிலிருந்து கழற்றிவிடுவார்கள். மரம் நீரில் ஊறினால் பருத்து வெடிக்கும். நிப்பிளையும் திருகிக் கழற்றுவார்கள். பிறகு குழலின் அடிப்பகுதி மூழ்கும்படி ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் செங்குத்தாக நிறுத்துவார்கள். நீரில் சிறிது சோப்புக் கரைத்திருக்கும். கோலின் நுனியில் துணித் துண்டைச் சுற்றி வாய் வழியே உள்ளே விட்டு மேலும் கீழும் இழுப்பார்கள்.

இங்கே ஓர் இயற்பியல் பாடமும் இருக்கிறது. துணி சுற்றிய கோல், பிச்சாங்குழலின் தண்டைப் போல வேலை செய்கிறது. மேலே இழுக்கும்போது குழலுக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள காற்றழுத்தம் வாளி நீரை அடித்துளை வழியே உள்ளே தள்ளுகிறது. கீழே அழுத்தும்போது அழுக்கு நீர் அதே துளை வழியாகச் சீறி வெளியேறுகிறது. முதல் வாளி நீர் கறுத்துப் போகும். அழுகிய முட்டை நாற்றம் வரும். பொட்டாசியம் சல்ஃபைடு நீருடன் சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுவதே காரணம். நீரை மாற்றிமாற்றி, தெளிந்த நீர் வரும்வரை தொடர வேண்டும்.

கடைசியாக அலசும் நீரில் கவனம் தேவை. சென்னையின் புறநகர்ப் பகுதிகளில் பல வீடுகளின் போர் தண்ணீர் கடின நீர். சூடாக்கினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். சில இடங்களில் உப்புக் கரிக்கவும் செய்யும். அந்த நீரில் அலசினால் ஓர் உப்பை நீக்கிவிட்டு இன்னோர் உப்பை வைத்ததாகிவிடும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. கார் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அதுவே போதும்.

உலர்த்துவதில் ஒரு கணக்கு

உப்பு போய்விட்டது. இப்போது நீர் போக வேண்டும். கடைசி அலசலைச் சூடான நீரில் செய்தால் குழலே தன்னை உலர்த்திக்கொள்ளும். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குழலின் எடை 1,500 கிராம் என்று கொள்வோம். இரும்பின் தன்வெப்பம் 0.11. ஆகவே குழல் ஒரு டிகிரி குளிரும்போது 1,500 × 0.11 = 165 கலோரி வெப்பம் கிடைக்கும். துடைத்தபின் உட்சுவரில் 2 கிராம் நீர் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். 60, 70 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 560 கலோரி தேவை. இரண்டு கிராமுக்கு 1,120 கலோரி. 1,120-ஐ 165-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7. அதாவது 70 டிகிரியில் உள்ள குழல் 63 டிகிரிக்குக் குளிர்வதற்குள் அத்தனை நீரும் ஆவியாக முடியும். இரும்பு சேமித்து வைத்திருக்கும் வெப்பமே துணி புக முடியாத வரிப்பள்ளங்களின் மூலைகளையும் உலர்த்துகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொதிக்கும் நீரை ஊற்றி அப்படியே விட்டால் சில நிமிடங்களில் மெல்லிய செம்மஞ்சள் படலம் தோன்றும். சூடான, ஈரமான, எந்தக் காப்பும் இல்லாத இரும்பில் துரு வேகமாக வளரும் என்பதே காரணம். ஆகவே சுடுநீரை வடித்தவுடன் உலர்ந்த துணித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விட்டுத் துடைக்க வேண்டும். துணி காய்ந்தே வெளிவரும்வரை துடைத்து, குழல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் பூச வேண்டும்.

எண்ணெயும் மெழுகும்

இப்போதுதான் எண்ணெயின் முறை. நெடுநாள் வைத்திருக்கும் துப்பாக்கிக்குத் தையல் இயந்திர எண்ணெய் போன்ற கனிம எண்ணெய் ஏற்றது. தாவர எண்ணெய்கள் நாளடைவில் சிக்குப் பிடிக்கும். அவற்றில் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் இரும்பையும் பாதிக்கும். மெல்லிய எண்ணெய் புவியீர்ப்பால் மெல்ல வடிந்து கீழே சேரும். அதனால் முதல் சில நாள்கள் குழலை வாய் கீழாக நிறுத்தினால் எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்காது.

சுடும் காலத்தில் பயன்பட்ட மசகு வேறு. தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த பசையைத் தோட்டாக் காகிதத்தில் தடவுவார்கள். படிவு இறுகிப் போகாமல் இளகியிருக்கவும் அடுத்த குண்டு எளிதில் இறங்கவும் இது உதவியது. இந்தப் பசையில் பசு, பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்ற செய்தி பரவியதுதான் 1857-ஆம் ஆண்டு சிப்பாய்கள் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று. குழலில் படியும் உப்பும் கரியும் நம் வரலாற்றையே தொட்டிருக்கின்றன!

வைக்கும் இடமும் முக்கியம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளியை விட்டுவிடும். குளிரூட்டிய அறையில் 24 டிகிரியில் இருந்த துப்பாக்கியை மழைக்காலத்தில் வெளியே கொண்டுவந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளரைப் போல அது வியர்க்கும். தோல் உறையிலும் துணி உறையிலும் நெடுநாள் வைப்பதும் தவறு. அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். குழல் வாயை அடைக்கவும் கூடாது. வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு விரல்ரேகையாகவே துருப்பிடிக்கும்.

கழுவி எண்ணெயிட்ட மறுநாள் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். துணியில் செம்பழுப்பு நிறம் தெரிந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். எண்ணெயைக் கூட்டிப் பயனில்லை. மீண்டும் கழுவ வேண்டும்.

ஏற்கெனவே துருப்பிடித்திருந்தால்?

துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், நுண்துளைகள் நிறைந்தது. அதனால் அடியிலுள்ள இரும்பை அது காப்பதில்லை. ஆழமாகக் குழிவிழுந்த குழலின் சுவர் மெலிந்திருக்கும். அதில் மருந்திட்டுச் சுட்டால் குழலே வெடித்துக் கையையும் கண்ணையும் பறித்துவிடலாம். அத்தகைய துப்பாக்கி காட்சிப் பொருள் மட்டுமே.

காட்சிப் பொருளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. பழைய குழல்கள் பலவற்றின் பழுப்பு நிறமும் கருநிறமும் தற்செயலாக வந்தவை அல்ல. கட்டுப்பாட்டுடன் மெல்லிய துருவை வளர்த்து, அதையே இறுக்கமான காப்புப் படலமாக்கிய கைத்திறன் அது. அருங்காட்சியக வேதியியலர்கள் உதிரும் துருவை மட்டும் மெல்ல அகற்றுவார்கள். எஞ்சிய துருவில் டானிக் அமிலம் தடவினால் அது நீலக்கறுப்பான இரும்பு டானேட்டாக மாறி நிலைபெறும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே வினைதான். அதன்மேல் மெழுகு பூசுவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே இத்தகைய பாதுகாப்புப் பணிக்கென வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் அதன் முன்னோடி.

நீங்களே செய்து பாருங்கள்

துப்பாக்கி வேண்டாம், நான்கு இரும்பு ஆணிகள் போதும். துத்தநாகம் பூசாத ஆணிகளாகப் பார்த்து வாங்குங்கள். உப்புத்தாளால் தேய்த்து, சோப்பால் கழுவித் துடையுங்கள். முதல் ஆணியை அப்படியே விடுங்கள். மற்ற மூன்றையும் உப்பு நீரில் தோய்த்து வெயிலில் காயவையுங்கள். அவற்றில் இரண்டாவதை அப்படியே விடுங்கள். மூன்றாவதன்மேல் தையல் இயந்திர எண்ணெய் பூசுங்கள். நான்காவதை வெந்நீரில் நன்றாகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, துடைத்துச் சூடுகாட்டி, பிறகு அதே எண்ணெயைப் பூசுங்கள். நான்கையும் நூலில் கட்டி, மழை படாத திண்ணையில் தொங்கவிட்டு நாள்தோறும் குறித்து வாருங்கள். மூன்றாவதையும் நான்காவதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தச் சோதனையின் உயிர். இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான். வேறுபாடு தண்ணீரில் இருக்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். வாழைமட்டைச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடிகட்டி, வடிநீரைச் சுண்டக் காய்ச்சினால் உப்பு படியும். அதில் பொட்டாசியம் கார்பனேட் மிகுதி. அதைத் தட்டில் காற்றாட வைத்து, பக்கத்தில் சமையல் உப்பையும் வையுங்கள். எது முதலில் நசநசக்கிறது என்று பாருங்கள். சாம்பல் உப்பு காரத்தன்மை உடையது. கையால் தொட வேண்டாம்.

எல்லா இரும்புக்கும் ஒரே விதி

குடகு நாட்டில் ஆண்டுதோறும் செப்டம்பரில் கைல்பொல்து திருநாளில் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து வழிபடுவார்கள். அப்போது குழலில் செருகும் பூ, நம் மாநில மலரான செங்காந்தள். நாமும் புரட்டாசி, ஐப்பசியில் ஆயுத பூஜைக்குக் கருவிகளைச் சுத்தம் செய்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்பு அந்த நாள் வருகிறது. ஈரக்காற்று வருமுன் இரும்பைத் துடைத்து எண்ணெயிட அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத் பட்டறையானாலும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையானாலும், நம் வீட்டு மண்வெட்டியானாலும் விதி ஒன்றே.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஆய்ந்துவருகிறது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட இந்நிலையம் உருவாக, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கடலோரமான மண்டபத்தில் உலோகங்களை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு. பாலமானாலும் கப்பலானாலும், வண்ணம் பூசுமுன் பொறியாளர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை உப்பைக் கழுவி நீக்குவதே. உப்பின்மேல் பூசிய வண்ணம் சில மாதங்களில் கொப்புளித்து உரிந்துவிடும். கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியும் அப்படித்தான். உப்புள்ள மணலும் நீரும் கலந்து கட்டிய சுவர் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும், உள்ளே கம்பி அரித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

ஆகவே நினைவில் கொள்ளுங்கள். முதலில் கழுவுதல், அடுத்து உலர்த்துதல், பிறகே பூசுதல். இந்த வரிசை மாறினால் நாம் பூசும் எண்ணெயும் வண்ணமும் துருவை மறைக்குமே தவிரத் தடுக்காது.